லேபிளில் வந்த கோடு

ராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனியில் கம்ப்யூட்டர் என்றால் ஹெப்சிபாதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டதும், லேபிள் அடிக்க வரிவரியாகக் கட்டளை எழுதி வைத்த ஸ்கிரிப்டைப் புதியதில் அப்படியே ஏற்றியவளும் அவள்தான். முன்பு வேலைபார்த்த எட்வின் எழுதியது அது. ஒன்பது வருஷமாகச் சிணுங்காமல் ஓடியது.

புதிய கம்ப்யூட்டரில் அடித்த லேபிள்களில் சரக்கின் லாட் எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடும் இங்கிலீஷ் 'ஈ' எழுத்தும் ஒட்டிக்கொண்டு வந்தன. வாங்கியவர்கள் அத்தனை பெட்டியையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் வேதசிரோமணிக்கு வந்ததே கோபம்! லேபிள் பட்டனை அமுக்குகிற பாண்டிசெல்வியைக் கூப்பிட்டு, கீபோர்டில் என்னத்தைத் தட்டித் தொலைத்தாய் என்று கேட்டார். பட்டனைத் தவிர எதையும் தொடவில்லை என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்.

மேனேஜர் ஹெப்சிபாவைப் பார்த்தார். முழு ஸ்கிரிப்டை ஓட்டினால் ஒரு ரோல் லேபிள் வீணாகுமே என்று பாழாய்ப்போன சிக்கனம் அவளுக்கு. லாட் எண்ணை அடிக்கிற ஒரு வரியை மட்டும் திரையில் தட்டிப் பார்த்தாள். சுத்தமாக வந்தது.

"சிஸ்டத்துல ஒரு கோளாறும் இல்ல சார்" என்றாள்.

அத்தோடு பாண்டிசெல்விக்கு வேலை போயிற்று.

மறுநாள் காலையில் மனசு கேட்காமல் ஹெப்சிபா ஸ்கிரிப்டைத் திறந்தாள். முதல் வரியிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. கட்டளையைப் படித்து வேலை செய்கிற புரோகிராமுக்கு ஷெல் என்று பெயர்; ஸ்கிரிப்டை ஓட்டுகிற ஷெல் வேறு, அவள் தட்டிப் பார்த்த ஷெல் வேறு. பழைய கம்ப்யூட்டரில் இரண்டுக்கும் ஒரே ஷெல்தான் இருந்தது. எழுத்தை வெளியே தள்ளுகிற 'எக்கோ' கட்டளை ஒவ்வொரு ஷெல்லுக்குள்ளும் தனித்தனியாக உண்டு. எட்வின் அதோடு போட்டிருந்த கோட்டையும் 'ஈ' எழுத்தையும் அவள் தட்டிப் பார்த்த ஷெல் தனக்கான உத்தரவாக எடுத்துக்கொள்ளும், ஸ்கிரிப்டை ஓட்டுகிற ஷெல் அப்படியே அச்சில் தள்ளிவிடும்.

வரியைத் திருத்தினாள். லேபிள் ஒழுங்காக வந்தது. அப்பாடா என்று சாய்ந்தபோதுதான் உறைத்தது. இப்படியே விட்டால், பாண்டிசெல்வி போனதும் எல்லாம் சரியாகிவிட்டது பார் என்றுதானே மேனேஜர் சொல்வார்? அந்தப் பிள்ளையின் மேல் விழுந்த பழி அப்புறம் எந்தக் காலத்திலும் போகாது.

தன் வேலைக்கே உலை வைக்கிறோமோ என்று பயந்தாள். ஆனாலும் திருத்தியதை அழித்துப் பழையபடியே வைத்தாள். மேனேஜரைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே பட்டனை அமுக்கச் சொன்னாள். கோடும் ஈயும் வந்து விழுந்தன.

"இது நான் செஞ்ச தப்பு சார். அவ மேல ஒண்ணுமில்ல."

வேதசிரோமணி லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, போய் அந்தப் பிள்ளையை நீயே கூட்டிக்கொண்டு வா என்றார்.

பாண்டிசெல்வி தன் வீட்டு வாசலில் நின்றபடி ஹெப்சிபா சொன்ன எல்லாவற்றையும் கேட்டாள். திட்டவில்லை, அழவுமில்லை.

"நேத்து நான் அம்புட்டு சொன்னேன்க்கா. இன்னைக்கு மிஷின் சொல்லவும் நம்புறீங்க."

 பாண்டிசெல்வி செருப்பை மாட்டிக்கொண்டு, ஹெப்சிபாவுக்காக நிற்காமல் கம்பெனியைப் பார்த்து நடந்தாள்.