மேஸ்திரி போட்ட டிகிரி

சிவஞானம் மேஸ்திரி உப்புப் பாத்தியைக் குனிந்துகூடப் பார்க்க மாட்டார். வரப்பில் நடந்தபடியே ஒரு பார்வை விடுவார். "பத்தொம்பது டிகிரி. இன்னும் நாலு நாள் போவணும்" என்பார். நம்பாதவர்கள் உப்பின் அடர்த்தி காட்டும் கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்தால் அது பத்தொன்பதையே காட்டும். மரக்காணம் உப்பளத்தில் பதினெட்டு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது.

இந்த ஒரு திறமையை வைத்துக்கொண்டு உலகத்தில் இருக்கிற மற்ற எல்லா விஷயத்திலும் அவர் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மோட்டார் ரிப்பேர், மாப்பிள்ளை பார்ப்பது, புயல் எந்தப் பக்கம் கரையைக் கடக்கும், யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று எதையும் விட்டுவைக்கவில்லை. சொன்னதில் பாதி தப்பாகத்தான் போகும். உப்பில் தப்பாததால் மற்றதை ஊர் பெரிசு பண்ணவில்லை. அவர் மனைவி மலர்கொடி மட்டும், "அந்த வாய்க்கு ஒரு மடை இருந்தா அடைச்சி வெக்கலாம்" என்று அவ்வப்போது சொல்லிக்கொள்வாள்.

அப்படிப்பட்ட மனிதர் போயும் போயும் புத்தகத்தில் வந்து மாட்டினார்.

உப்பளத்தை ஒட்டிய தெருவில் ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு படிப்பகம் திறந்திருந்தார்கள். யார் யாரோ தானமாகக் கொடுத்த நூறு, நூற்றிருபது புத்தகங்கள். கூனிமேட்டிலிருந்து மெஹரூன்னிசா என்கிற பெண் தினமும் பஸ் ஏறி வந்து பார்த்துக்கொண்டாள். சிவஞானத்தின் ஒரே மகள் செந்தமிழ், நாலாம் வகுப்பு, பள்ளிக்கூடம் விட்டால் அங்கேதான் கிடப்பாள். ஒரு சனிக்கிழமை அவளை அழைத்துவரப் போனபோதுதான் மேஸ்திரி சுவரில் இருந்த போர்டைப் பார்த்தார். "பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கச் சிபாரிசு செய்யப்படும் நூல்கள். தொடக்க நிலை, இடைநிலை, முதிர்நிலை" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. எழுதி ஒரு மாதமாகியும் ஒரு புத்தகம்கூட அலமாரியைவிட்டு நகரவில்லை என்று மெஹரூன்னிசா வருத்தப்பட்டாள்.

"எப்படி மேடம் நவுரும்? முதிர்நிலைன்னா இன்னா? எங்க ஆளுங்க அதப் பாத்தா வயசானவங்களுக்கு ஏதோ ஊசி போடுறாங்கன்னு நெனச்சிப்பாங்க."

"அப்ப எப்படித்தான் எழுதுறதுண்ணே?"

"டிகிரி போடுங்க. கடல் தண்ணி மூணு டிகிரி. பாத்தி பாத்தியா மாத்திக்கினே வந்தா ஏறும். இருபத்தி நாலுல உப்பு எறங்கும். முப்பதத் தாண்டுனா கசப்பு, தொறந்து வெளிய வுட்டுடணும். புக்கும் அந்த மாதிரிதான? லேசா இருக்குறது மூணு. நல்லா வெளஞ்சது இருபத்தி நாலு. எங்காளுங்களுக்கு டக்குன்னு புரிஞ்சிடும்."

மெஹரூன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தது. யோசனையும் பிடித்திருந்தது. "மாஷா அல்லாஹ், நல்லாத்தாண்ணே இருக்குது. நீங்களே போட்டுக் குடுத்துடுங்களேன். நெறைய படிப்பீங்க போலிருக்குது!"

இந்த இடத்தில் ஒரு யோக்கியமான மனிதன், "இல்லீங்க, நமக்கும் புக்குக்கும் ரொம்ப தூரம்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயைத் திறக்கவும் செய்தார். அதற்குள் செந்தமிழ் முந்திக்கொண்டாள்.

"எங்க அப்பா எல்லா புக்கும் படிச்சிட்டாரு மேடம்."

அது அவர் செய்த வினைதான். போன மாதம் ஒருநாள், "நீ இந்த புக்கெல்லாம் படிச்சிருக்கியாப்பா?" என்று அவள் கேட்டபோது, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அதெல்லாம் எப்பவோ" என்று சொல்லியிருந்தார். உண்மையில் எட்டாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றுவிட்டது. அதன்பிறகு படித்தது டீக்கடைப் பேப்பரில் கொட்டை எழுத்துகள், கல்யாணப் பத்திரிகை, லாரி எடைச் சீட்டு. அதையும் விரலை வைத்து, உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மற்றவர் முன்னால் படிக்கவே மாட்டார். கண்ணாடியை மறந்து வைத்துவிட்டதாகச் சொல்லிவிடுவார். அவரிடம் கண்ணாடியே கிடையாது.

மறுநாள் அலமாரி முன் உட்கார்ந்து டிகிரி போட்டார். உப்புக்கு எப்படிப் பார்ப்பாரோ அப்படியேதான் பார்த்தார். புத்தகத்தை உள்ளங்கையில் வைத்து எடையைத் தூக்கிப் பார்ப்பது, தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பது, ஜன்னல் பக்கம் திருப்பி நிறம் பார்ப்பது. நக்கிப் பார்க்காத குறைதான். கனமான அட்டை, பொடி எழுத்து என்றால் இருபத்து நாலு. நடுத்தரம் என்றால் பத்து, பதினைந்து, இருபத்திரண்டு. மெலிசாக, படம் போட்டு, எழுத்து பெரிசாக இருந்தால் மூன்று. தாள் பழுத்து மஞ்சளாக இருந்தவற்றை முப்பத்திரண்டு என்று எழுதி, "இது கசப்பு, யாரும் தொட வேணாம்" என்று கீழ்த்தட்டில் தள்ளினார். மெஹரூன்னிசா, இவ்வளவு வேகமாகப் போடுகிறாரே, எல்லாம் மனப்பாடம் போலிருக்கிறது என்று வியந்து டீ வாங்கிக் கொடுத்தாள்.

விஷயம் பரவியது. மூன்றே நாளில் படிப்பகத்து வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. ஆனால் எல்லோருக்கும் இருபத்து நாலுதான் வேண்டும். பக்கத்து உப்பளத்து மேஸ்திரி தட்சணாமூர்த்தி தன் இரண்டாம் வகுப்புப் பையனுக்கு இருப்பதிலேயே தடிமனானதைத் தூக்கிக்கொண்டு போனார். "எம்மவனுக்கு நேரா இருபத்தி நாலு. நடுவுல நிக்கிற வேல எல்லாம் நமக்குக் கெடையாது" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டார். உப்பு வாரும் திரௌபதி, தானும் தன் மகளும் புதுசு என்பதால் அடக்கமாக இருபத்திரண்டு கேட்டு வாங்கினாள். மூன்று டிகிரித் தட்டில் மட்டும் ஒன்றுகூடக் குறையவில்லை. வெறும் தண்ணீரை எவன் வீட்டுக்குச் சுமந்துகொண்டு போவான்?

மெஹரூன்னிசாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதற்கடுத்த வார ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஒரு கூட்டம் வைத்தாள். பெற்றவர்களும் பிள்ளைகளும் தாங்கள் படித்ததைப் பற்றிப் பேச வேண்டும். கடைசியில், நூல்களைச் சிபாரிசு செய்த சிவஞானம் அவர்களின் உரை. அந்த வரியைச் செந்தமிழே கலர் சாக்பீஸால் எழுதி, சுற்றிலும் பூ வரைந்தாள்.

"என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் வர்றாங்கப்பா. எந்த புக்குல இன்னா இருக்குதுன்னு கேப்பாங்க. நீ கரெக்டா சொல்லிடணும்."

அன்று முதல் மேஸ்திரிக்குச் சோறு இறங்கவில்லை. தட்சணாமூர்த்தி சிரிப்பான், ஊர் சிரிக்கும். அதை அவர் தாங்கிவிடுவார். மகள் முகம்தான் கண்ணுக்குள்ளேயே நின்றது. உலகத்தில் அவர் சொன்னதை முழுக்க நம்புகிற ஒரே ஆள் அவள்தான்.

"ஒடம்பு சரியில்லன்னு படுத்துக்கய்யா" என்றாள் மலர்கொடி.

"படுத்தா, படுத்துக்கினே பேசுன்னுவாங்க."

"அப்ப ஒரு புக்கையாவது எடுத்துப் படி. கை கால் இருக்குதுல்ல."

வேறு வழி தெரியாமல் புதன்கிழமை படிப்பகத்துக்குப் போனார். நல்ல டிகிரி எல்லாம் போய்விட்டிருந்தது. மூன்று டிகிரித் தட்டிலிருந்து பச்சை அட்டை போட்ட ஒரு மெலிசுப் புத்தகத்தை எடுத்து, சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்தார். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வேலை முடிந்து ஆட்கள் போனபிறகு, மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து படித்தார். முதல் நாள் இரண்டு பக்கம் படிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. இரண்டாம் நாள் ஐந்து. மூன்றாம் நாள், அன்றைய ஏழாவது பக்கத்தைத் திருப்பும்போது வெளியே யாரோ கத்தினார்கள். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்து, வரப்பு வழிந்து, உப்பு இறங்கும் நிலையில் இருந்த பக்கத்துப் பாத்தியில் வெறும் கடல் தண்ணீர் கலந்துவிட்டிருந்தது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. "வரப்புல நண்டு வளை போட்டுடுச்சிங்க" என்று முதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னார். நண்டு பாவம், எதிர்த்துப் பேசவா போகிறது.

ஞாயிற்றுக்கிழமை படிப்பகம் நிரம்பி ஜன்னலிலும் ஆட்கள் நின்றார்கள். செந்தமிழ் புது ரிப்பன் கட்டி, நாலு தோழிகளோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதலில் எழுந்தவர் தட்சணாமூர்த்தி. கையில் அந்தத் தடிப் புத்தகம்.

"ஏம்பா சிவஞானம், இதுக்கு இருபத்தி நாலு போட்டியே, இது இன்னா புக்கு தெரியுமா? ஆட்டு நோய்! எம்மவன் பத்து நாளா இதத்தான் படிக்கிறான். வூட்ல யாரு தும்முனாலும் கால நீட்டு, குளம்பு அழுகியிருக்குதான்னு பாக்கணும்ங்கிறான். நேத்து என் மச்சான் விருந்துக்கு வந்தான். சோத்தப் பாதியில வெச்சதுக்கு, 'இந்த மாமாவுக்குத் துள்ளுமாரி, தனியா கட்டுங்க'ன்னுட்டான்."

பையன் எழுந்து, "அறிகுறி இருந்துச்சிப்பா" என்றான்.

சிரிப்பு அடங்குவதற்குள் திரௌபதி எழுந்தாள். அவளுக்குச் சிரிக்கும் உத்தேசமில்லை. "நாங்க கஷ்டப்பட்டு நூத்திப்பத்து பக்கம் படிச்சிட்டோங்க. பேரு, அப்பா பேரு, கதவு நம்பரு. பேரு, அப்பா பேரு, கதவு நம்பரு. ஏதோ சங்கத்து உறுப்பினர் பட்டியலாம், நேத்துதான் அட்டையப் பாத்தோம். கத எங்கயாவது ஆரம்பிக்கும்னு நாங்களும் பாத்துக்கினே இருக்கோம்."

மெஹரூன்னிசா மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தாள். தட்சணாமூர்த்தி விடுகிறவராக இல்லை. "சொல்லுய்யா. இதெல்லாம் படிச்சிட்டுத்தான் நீ டிகிரி போட்டியா?"

மேஸ்திரியின் வாயில் மூன்று பதில் தயாராக இருந்தன. பைண்டிங்கில் அட்டை மாறிவிட்டது என்று ஒன்று. ஆட்டு நோய் பிள்ளைகளுக்கு நல்லதுதான் என்று ஒன்று. மூன்றாவதை அவர் எடுப்பதற்குள் செந்தமிழ் துள்ளி எழுந்தாள்.

"படிச்சிட்டுதான் போட்டாரு! எங்க அப்பா பொய் சொல்ல மாட்டாரு!"

மூன்று பதிலும் தொண்டையிலேயே செத்துப்போயின. சிவஞானம் மகளைப் பார்த்தார். மற்ற யாரையும் பார்க்கவில்லை.

"இல்லம்மா. படிக்கல. ஒன்னு கூட படிக்கல. கையில தூக்கிப் பாத்துட்டுப் போட்டேன்."

கூரை பிய்ந்துகொள்கிற மாதிரி சிரித்தார்கள். தட்சணாமூர்த்திக்குப் புரை ஏறி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. செந்தமிழின் தோழிகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் மட்டும் உட்கார்ந்து ஒரு ரிப்பனை அவிழ்த்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மெஹரூன்னிசாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனாலும் மனசு கேட்காமல், "பரவால்லண்ணே. சொல்றதுக்கு வேற எதுவுமே இல்லியா?" என்றாள்.

சட்டைக்குள்ளிருந்து பச்சைப் புத்தகத்தை எடுத்தார். "ஒன்னு படிச்சிகினு இருக்கேங்க. பதினாலு பக்கம் ஆச்சு."

மறுபடி சிரித்தார்கள். அவர் பாட்டுக்குச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடம். ஒரு பையன் விளையாட்டாகப் பள்ளிக்கூடத்து மணியைக் கழற்றிக் கிணற்றில் போட்டுவிடுகிறான். பழி வாட்ச்மேன் மேல் விழுகிறது. நாளைக் காலை அவரை வேலையைவிட்டு அனுப்பப் போகிறார்கள். விஷயம் தெரிந்தது அந்தப் பையனின் அக்காவுக்கு மட்டும்தான். தம்பியைக் காட்டிக்கொடுக்கவும் முடியவில்லை, அந்த மனிதரை விடவும் முடியவில்லை. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் வாளிக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு காலைக் கிணற்றுச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டாள். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பது அந்தச் சின்னத் தம்பி. கயிறோ பழசு.

சிரிப்பு எப்போது நின்றதென்று யாரும் கவனிக்கவில்லை.

"அப்புறம்?" என்றார் தட்சணாமூர்த்தி.

"தெரியலப்பா. அவ்ளோதான் படிச்சேன்."

"இன்னாய்யா ஆளு நீ!" திரௌபதி எழுந்தே விட்டாள். "ஒரு பொம்பளப் புள்ளயக் கெணத்து மேல நிக்க வுட்டுட்டு வந்து இங்க நிக்கிற?"

"அந்த புக்க இப்படிக் குடு" என்று தட்சணாமூர்த்தி கையை நீட்டினார். "நான் முடிச்சாத்தான்" என்று மேஸ்திரி அதை மறுபடி சட்டைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்த பத்து நிமிஷத்தில் மூன்று டிகிரித் தட்டு காலியானது. முப்பத்திரண்டு போட்டவற்றைக்கூட, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பேர் எடுத்துப்போனார்கள்.

வீட்டுக்குப் போகும்போது செந்தமிழ் வழக்கம்போல அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ளவில்லை. வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"ஐஸ் வாங்கித் தரட்டா?"

பாத்திகளில் மாலை வெயில் கண்ணைக் கூசவைத்தது. பாதித் தூரம் போனபிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

"எல்லாம் படிச்சேன்னு ஏன் சொன்ன?"

"நீ கேட்டப்ப இல்லன்னு சொல்ல வெக்கமா இருந்திச்சிம்மா. எனக்குப் படபடன்னு படிக்க வராது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்."

"நானும் ரெண்டாவதுல அப்படித்தான் படிச்சேன். நான் யார்கிட்டயும் பொய் சொல்லல."

பேச வார்த்தை கிடைக்காமல் அவர் வண்டி ஓட்டியது அதுவே முதல் தடவையாக இருக்கும். இன்னும் கொஞ்ச தூரம் போனது.

"அந்த அக்கா கெணத்துல எறங்கிட்டாளாப்பா?"

"சத்தியமா தெரியாதும்மா."

"வண்டிய நிறுத்து."

வரப்பில் உட்கார்ந்தார்கள். அவர் புத்தகத்தைப் பிரித்து, விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். தடுமாறிய இடத்தில் அவள் எடுத்துக்கொடுத்தாள். அவள் வேகமாக அடுத்த வரிக்கு ஓடினால், "இரு, நான் வர்றேன்" என்று அவர் பிடித்து இழுத்தார். கயிறு ஒரு இழை அறுந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து "ஐயோ" என்றார்கள். எப்போது அவள் அவர் தோளில் சாய்ந்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது அசையாமல் உட்கார்ந்துகொண்டார்.

ரோட்டில் ஒரு வண்டி வேகம் குறைந்தது. பின்னால் பையனை வைத்துக்கொண்டு தட்சணாமூர்த்தி.

"இன்னா மேஸ்திரி, வண்டி பஞ்சரா?"

சிவஞானத்தின் கை தானாகவே புத்தகத்தைச் சட்டைக்குள் கொண்டுபோனது. செந்தமிழ் அதைப் பிடித்து வெளியே இழுத்து, ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"எங்க அப்பா புக்கு படிக்கிறாரு! பதினாறாம் பக்கம்!"

மேஸ்திரி அவள் கையை மெல்லப் பிடித்தார்.

"பதினஞ்சும்மா" என்றார்.