அப்பா அரைத்த பொடி

"டப்பாவைக் குடுடி."

"குடுக்க மாட்டேன்."

சின்னவள் பொடி டப்பாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அடுப்படி மூலையில் நின்றாள். எதிரே அக்கா, கழுவிய கோழித்துண்டுகள் நிறைந்த பேசினோடு. அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்து இன்னும் ஒருத்தரும் ஒரு வாய் தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை. அதற்குள் ஒரு டப்பாவுக்காக இரண்டு பெண்களும் மல்லுக்கு நிற்கிறார்கள். அப்பா பார்த்திருந்தால், "ரெண்டும் உருப்படாதுங்க" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்.

கோழி சுடச் சொன்னதே அவர்தான். சாவு வீடு என்று யாரும் வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு உட்காரக் கூடாதாம், கொல்லையில் இருக்கிற ட்ரம் அடுப்பை மூட்டி எல்லாரும் ஒழுங்காகச் சாப்பிட வேண்டுமாம். எப்போது சொன்னார் என்று சின்னவள் கேட்டதற்கு, "எப்பவோ" என்றாள் அக்கா. தூக்கத்தில் மாரடைப்பில் போன மனுஷன் இதையெல்லாம் எப்போது உட்கார்ந்து யோசித்தார் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. இன்று காலை ரயிலை விட்டு இறங்கி வந்ததிலிருந்து கேட்காமல் விட்டது நிறைய இருந்தது. அப்பாவின் சட்டைக் காலருக்குள் கழுத்து அவ்வளவு தொளதொளவென்று இருந்ததும் அதில் ஒன்று.

"பொடி இல்லாம எப்படிடி சுடறது?"

"உப்பும் மிளகும் போட்டுச் சுடு. இது அப்பா கடைசியா அரைச்சது. இன்னிக்கே கொட்டிக் காலி பண்ணணுமா? நான் எடுத்துட்டுப் போறேன்."

"காலியானா என்ன, அரைச்சுக்கலாம்."

"யாரு அரைக்கறது?"

அக்கா பேசினை மேடையில் வைத்துவிட்டு, ஏற்கெனவே கழுவிய கோழியை மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

அந்தப் பொடி இந்த வீட்டில் அப்பாவைத் தவிர யாரும் அரைத்ததில்லை. அப்பா பஸ் டிப்போவில் ஃபிட்டர், பஸ் ரிப்பேர் பார்க்கிறவர். டிப்போவில் கழித்துப்போட்ட எண்ணெய் ட்ரம் ஒன்றைப் பாதியாக அறுத்து, கால் வைத்து வெல்டிங் பண்ணி, கொல்லையில் நிறுத்தியிருந்தார். சனிக்கிழமை சாயந்திரமானால் முதலில் அதில் புகை மட்டும்தான். ஈர மரச்சிராய் போட்டு, கம்பி வலைமேல் காய்ந்த மிளகாயைப் பரப்பி மூடிவிடுவார். கண்ணைக் கசக்கிக்கொண்டு பக்கத்து வீட்டார் சன்னலைச் சாத்துவார்கள். புகை குடித்த மிளகாயோடு சீரகம், மிளகு, கடுகு, பூண்டுப்பொடி, உப்பு, பழுப்புச் சர்க்கரை. சீரகத்தைக் கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் இறக்க வேண்டும். அந்த ஒரு நொடி எது என்பது அவருக்குத்தான் தெரியும். பிறகு இரவுச் சாப்பாடு. கோழியோ, மீனோ, உருளைக்கிழங்கோ, எதில் தடவினாலும் அந்த வீட்டு மணம்.

"அக்காவுக்கு இது வராது" என்பார் அப்பா. "தையல்காரி. டேப் வச்சு அளந்தே பொடியைக் கெடுத்துடுவா. உனக்குத்தான் மூக்கு இருக்கு குட்டி. ஒரு வாரம் லீவு போட்டுட்டு வா, சொல்லித் தரேன்."

அந்த ஒரு வாரம் வரவே இல்லை. சின்னவள் வேறு ஊரில், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருந்தாள். நாள் முழுக்க இருட்டறை, கனத்த ஈய ஏப்ரன், "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க." அறைக்கு வந்தால் முட்டையை உடைத்து ஊற்றி அப்பாவின் பொடியைத் தூவித் தின்றுவிட்டுப் படுப்பாள். லீவு கேட்டு வாங்கிய போதெல்லாம் இங்கிருந்து ஏதாவது ஒரு தடை வரும். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். அத்தானுக்கு அம்மை. நாங்களே உன்னைப் பார்க்க வருகிறோம். யாரும் வரவில்லை, பொடி மட்டும் மாதாமாதம் வந்தது. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்காரு, பொடி அனுப்பியிருக்காரு பாரு" என்பாள் அம்மா. நோயாளி யாராவது மிளகாயைப் புகைபோட்டு அரைத்துக்கொண்டிருப்பானா? சின்னவள் நம்பினாள்.

இப்போது டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். அதே மணம்தான்.

"அக்கா, நான் கேட்டேன். யாரு அரைக்கறது?"

தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

கொல்லையில் அத்தான் ட்ரம்மைப் பற்றவைத்திருந்தார். அக்காவின் புருஷன், பஸ் டிரைவர், அப்பாவோடு அதே டிப்போ. சன்னல் வழியே அவர் தெரிந்தார். அப்பாவின் தோல் கையுறையை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் கரியைக் கிளறி, இடுக்கியை ட்ரம் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார். கொஞ்சம் நிறுத்தி இன்னொரு தட்டு.

சின்னவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அந்தத் தட்டலை அவள் பார்த்திருக்கிறாள். வீடியோ காலில். "என் மூஞ்சியில என்ன இருக்கு, கோழியைப் பாரு குட்டி" என்று அப்பாவின் குரல் கேட்கும். திரையில் ட்ரம் தெரியும், புகை தெரியும், அந்தக் கையுறை கோழியைப் புரட்டுவது தெரியும். இடையிடையே இருமுவார். "சிராய் ஈரம் ஜாஸ்தியாப் போச்சு, ஒரே புகை" என்பார். மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொல்லி இவள் எத்தனை தடவை திட்டியிருக்கிறாள்!

டப்பாவை மேடைமேல் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள்.

"அத்தான், போன்ல நான் பார்த்த கை உங்க கையா?"

அத்தான் திரும்பினார். நல்ல மனுஷன், பொய் சொல்ல வராது. வராதவரைப் போய் இவர்கள் என்னவெல்லாம் செய்ய வைத்திருக்கிறார்கள்! கையுறையைக் கழற்றப் பார்த்தார். அது அவர் கைக்குச் சின்னது, கழன்று வரவில்லை.

"உங்கக்காகிட்டக் கேளும்மா."

"உங்ககிட்டதான் கேக்கறேன்."

"மாமா நாற்காலியில உக்காந்துட்டு இருப்பாரு. கம்பளி போத்திட்டு. பேசறது எல்லாம் அவரே பேசுவாரு, பேசற அன்னிக்கு மட்டும் தெம்பா இருக்கணும்னு மத்தியானமே தூங்கி எந்திரிப்பாரு." கையுறையோடு கண்ணைத் துடைக்கப் போய்க் கரியை முகத்தில் அப்பிக்கொண்டார். "நான் மாட்டேன்னுதான் சொன்னேன். சத்தியமா சொன்னேன்மா."

"அவருக்கு என்ன?"

அத்தான் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். இடது பக்கம் இல்லை, வலது பக்கம் மேலே. மாரடைப்பு அங்கே வருவதில்லை.

அடப்பாவிகளா. அத்தனை பேரும் சேர்ந்தா?

அவள் உள்ளே வந்தபோது அக்கா குழாயை நிறுத்தியிருந்தாள். அம்மா அறை வாசலில், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்பலேர்ந்து?"

"போன வருஷம் குளிர் ஆரம்பிச்சப்ப" என்றாள் அக்கா. "ஒரு தடவை படம் எடுத்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னாங்க. அப்பா மாட்டேன்னுட்டாரு."

"மாட்டேன்னா விட்டுடுவியா? நான் என்ன வேலை பார்க்கறேன்னு தெரியுமா உனக்கு? தினமும் நெஞ்சுதாண்டி பார்க்கறேன்! ஊர்ல உள்ளவன் நெஞ்சையெல்லாம் நான் பார்க்கணும், எங்கப்பன் நெஞ்சை நான் பார்க்கக் கூடாதா?"

"அதுக்குத்தாண்டி சொல்லல." அக்காவின் குரலும் ஏறியது. "நீ வந்தா ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவே. இழுத்துட்டுப் போய் மெஷின்ல நிறுத்திடுவே. கூட வேலை பார்த்த டிப்போ தாத்தாவை ஆஸ்பத்திரியில குழாயோட பார்த்துட்டு வந்ததுலேர்ந்து அப்பாவுக்கு அந்தப் பயம். 'சின்னவளுக்குச் சொன்னீங்கன்னா அன்னிக்கே போயிடுவேன்'னாரு. எங்க தலையில கை வச்சு சத்தியம் வாங்கிட்டாரு. அம்மாகிட்டக் கேளு."

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள், அதுவும் யாருக்கோ போல.

"அப்ப பொடி?"

"நான்தான்." அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். "அவர் உக்காந்து சொல்லுவாரு, நான் செய்வேன். தைக்கக் குடுத்த துணியெல்லாம் புகை நாத்தம் அடிக்குதுன்னு ஜனங்க திருப்பி வாங்கிட்டுப் போனாங்க. ஒரு தடவை நீ போன்ல சொன்னே பாரு, 'என்னப்பா வயசாயிடுச்சா, சீரகம் சரியா வறுபடல'ன்னு. ஸ்பீக்கர்லதான் இருந்துச்சு. அன்னிக்கு முழுக்க அப்பா சிரிச்சாரு. 'கண்டுபிடிச்சுட்டா பாரு'ன்னு. அப்புறம் என் கையைப் பிடிச்சு வாணலிகிட்டக் கொண்டுபோய், இப்போ இறக்கு, இப்போ இறக்குன்னு..."

அக்கா அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. சின்னவள் அதைப் பார்த்துவிட்டாள். நோயை மறைத்ததைக்கூட ஒருவேளை பொறுத்துக்கொள்ளலாம். இந்த வெளிச்சத்தைப் பொறுக்க முடியவில்லை. தனக்கென்று சொல்லிவைத்திருந்த அந்த ஒரு வாரத்தை இவள் மாதக்கணக்கில் அனுபவித்திருக்கிறாள். தான் அங்கே முட்டையில் தூவித் தூவி, அப்பா கை அப்பா கை என்று தின்றது இவள் கையை. "கைப்பக்குவம் அப்படியே இருக்குப்பா" என்று அந்தச் சனியன் பிடித்த போனில் வேறு சொல்லித் தொலைத்திருக்கிறாள். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்டிருப்பார்கள்.

"துரோகிங்க" என்றாள். சத்தமாகக்கூட இல்லை. "அவரும்தான்."

அம்மா விசும்பினாள். அக்கா அழவில்லை. கோழியில் பொடியைக் கொட்டித் தேய்த்து, பேசினை வெளியே அத்தானிடம் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு கையைக் கழுவி, தையல் மெஷின் இருந்த முன்னறைக்குப் போனாள். துணி வெட்டும் மேசையின் விரிப்புக்கு அடியிலிருந்து பெரிய பழுப்பு உறை ஒன்றை எடுத்தாள். சின்னவள் பின்னாலேயே போயிருந்தாள்.

"இதை நான் யாருக்கும் காட்டினதில்ல. நான் பார்த்தா ஒண்ணும் புரியல." உறையை நீட்டினாள். "நீ பாரு."

சன்னலில் சாயந்திர வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. சின்னவள் படத்தை உருவி அதற்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். அப்பாவின் பெயர், வயது, தேதி. அகலமான தோள் எலும்புகள், நாற்பது வருஷம் ஸ்பேனர் பிடித்தவரின் தோள். தோள்பட்டையைச் சரியாக விலக்கவில்லை, எடுத்தவனுக்கு வேலை தெரியாது என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகு வலது பக்கம் மேலே பார்த்தாள்.

இருந்தது. சின்னதாக, ஓரம் தெளிவாக, ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கட்டி. வேறு எங்கும் ஒன்றும் இல்லை.

படத்தைப் படிப்பது டாக்டர் வேலை. ஆனால் இந்த அளவில் பார்த்து, அறுத்து எடுத்து, வருஷா வருஷம் அவள் மெஷின் முன்னால் வந்து மூச்சைப் பிடித்துக் காட்டிவிட்டு, பேரன் கதை பேசிவிட்டுப் போகிறவர்களை அவளுக்குத் தெரியும். எல்லாரும் தப்பிப்பதில்லை. தப்பித்தவர்கள் இருக்கிறார்கள்.

"சொல்லுடி" என்றாள் அக்கா.

சின்னவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பவே உனக்குச் சொல்லியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது இல்ல? முத்திப்போனதுதானே அது? அந்த டாக்டர் ஏதோ சொன்னாரு, எனக்குப் புரியல, திருப்பிக் கேக்க பயமா இருந்துச்சு. வாய்ல புகையும் கண்ல தண்ணியுமா அந்த மிளகாயைப் புரட்டிக்கிட்டு இதையேதான் நினைச்சுட்டிருப்பேன். நீ ஒரு வார்த்தை சொல்லிடு. ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுதானே?"

படம் எடுத்து முடிந்ததும் எல்லாரும் முதலில் பார்ப்பது எடுத்தவள் முகத்தைத்தான். அந்த முகத்தில் ஒன்றும் தெரியாமல் வைத்துக்கொள்வது சின்னவளுக்குப் பழக்கம். படத்தை உறைக்குள் போட்டு, உறையை அக்காவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"கோழி ஆயிடுச்சும்மா" என்று வெளியிலிருந்து அத்தான் குரல் கொடுத்தார்.

"எல்லாரையும் உக்காரச் சொல்லு" என்றாள் சின்னவள்.

"நான் கேட்டதுக்கு..."

"ஆறிடும்க்கா."

மேசையில் தட்டுகளைச் சின்னவளே வைத்தாள். அத்தான் கோழித் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு, கை கழுவப் போய் வெகுநேரம் கழித்து வந்தார். அம்மா ஒரு துண்டு போதும் என்றாள். போட்ட துண்டை விரலால் தொட்டு, தொட்ட விரலை நக்கிவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அறை முழுக்க அந்த வாசனை.

அக்கா கடைசியாக வந்து உட்கார்ந்தாள். உறையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் இருந்ததிலேயே பெரிய துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். பக்கத்தில் சுட்ட உருளைக்கிழங்கு ஒன்றும் வைத்தாள்.

அக்கா தட்டைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், சொல்லச் சொல்லித் தூண்டுகிற மாதிரி வாய் லேசாகத் திறந்திருந்தது.

சின்னவள் அடுத்த தட்டுக்கு நகர்ந்தாள். "உங்களுக்கு இன்னொண்ணு வைக்கட்டுமா அத்தான்?" என்றாள்.