இல்லாத கடைவாய்ப் பல்

பல் டாக்டர் எக்ஸ்ரே படத்தைச் சுவர் விளக்கில் மாட்டினார். தங்கையின் தாடை முழுக்க வெள்ளையாக விரிந்தது. சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல் சின்னவளை வாய் திறக்கச் சொன்னபோதே அக்காவுக்குக் கோபம் ஏறத் தொடங்கியிருந்தது. பெற்றவர்கள் உயிரோடு இல்லை. பிறந்ததை யாரும் பதியவும் இல்லை. தன் ஏழு வயதில் இடுப்பில் தூக்கித் திரிந்த பிள்ளைக்குப் பதினாறுதான் என்று அவள் தொண்டை வறளச் சொல்லியும் கோர்ட் பல்லைத்தான் கேட்டது. பதினெட்டு ஆகிவிட்டது என்றால், சித்தப்பா கட்டிவைத்த அந்த ஆளின் வீட்டுக்கே சின்னவள் திரும்பிப் போக வேண்டும்.

“ரெண்டாவது கடைவாய்ப் பல்லுல வேர் நுனி மூடிருச்சு. பதினாறு ஒட்டி, இல்ல அதுக்கு மேல. அதுக்கப்புறம் வயசு சொல்லணும்னா கடைசில முளைக்கிற ஞானப் பல்லத்தான் பாக்கணும். இவளுக்கு அது தாடைக்குள்ளயும் இல்ல,” என்றார் டாக்டர்.

“மேலன்னே எழுதிருங்க சார்,” என்றார் சுவரோரம் நின்ற சித்தப்பா. “பல்லு இருந்துச்சு. இந்தப் பெரியவதான் கூட்டிட்டுப் போய்ப் பிடுங்கிருப்பா. கேடி.”

“பிடுங்கின குழி தெரியலயே.”

“பழசுன்னா தூர்ந்திருக்கும்ல?”

“தூர்ந்திருக்கலாம்தான்,” என்ற டாக்டர் எழுதப் பேனா மூடியைத் திருகினார்.

“பல்லு இல்லாதது என் தப்பாக்கா?” என்று கேட்டாள் சின்னவள்.

அக்கா தன் வாய்க்குள் நாக்கை விட்டுத் துழாவினாள். கடைசியில் வழவழவென்று வெறும் ஈறு. தன்னைத் தையல் கடைக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வருவதற்குள் சின்னவளுக்குத் தாலி கட்டவைத்த மனுஷன், இப்போது பல்லையும் தன் தலையில் கட்டுகிறார்.

“எனக்கும் அந்தப் பல்லு முளைக்கவே இல்ல. என்னையும் படம் எடுங்க.”

“கோர்ட்டு இவளத்தாம்மா பாக்கச் சொல்லிருக்கு.”

“நான் பிடுங்கினேன்னு இவர் சொல்றத மட்டும் கேக்கச் சொல்லிருக்கா?”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு எக்ஸ்ரே அறையைக் காட்டினார்.

“இவரும் வரட்டும்,” என்றாள் அவள். “எங்க அப்பா கூடப் பிறந்தவர்தானே. அவங்க வீட்டுத் தாடைதான் எங்களுக்கு. இவருக்கும் அந்தப் பல்லு இருக்காது. வாயத் திறங்க சித்தப்பா. எங்களப் பத்திப் பேசத்தான் எப்பவும் திறக்கிறீங்களே.”

உள்ளே அக்கா பிளாஸ்டிக் துண்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆடாதீங்கம்மா, படம் கலங்கிரும்,” என்றாள் படம் எடுப்பவள்.

கோபத்தில் தாடை கிடுகிடுத்தது. பற்கள் பிளாஸ்டிக்கில் பதியுமளவு இறுக்கினாள். கண்ணாடிக்கு அப்பால் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருக்க, சித்தப்பா உதடுகளை அழுத்தி மூடியபடி நின்றார். இயந்திரம் அவள் தலையைச் சுற்றி மெல்ல நகரத் தொடங்கியது.