மணி அடிக்காத வீடு

வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் அவள். மகள் சிட்டுவின் ஒரு செருப்பு கையில் இருந்தது. இன்னொன்றைக் காணவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். கூடத்தில் மாமனாரைக் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் எடுப்பதாகப் பேச்சு.

"என்ன தேடற?" கணவன் பின்னால் வந்து நின்றான். கண்கள் வீங்கியிருந்தன.

"சிட்டு செருப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகணும். பதினொரு மணிக்கு வரச் சொன்னாங்களே, மறந்துட்டீங்களா?"

"உனக்கென்ன பைத்தியமா? எங்கப்பா உள்ள கிடக்கறார்."

"இன்னைக்கு விட்டா திரும்ப எப்போ கிடைக்கும்னு அவங்களுக்கே தெரியாது. இதுக்கே எத்தனை மாசம் காத்திருந்தோம்?"

"அப்பாதான் சொன்னாரே, எங்க குடும்பத்துல எல்லாரும் லேட்டாத்தான் பேசுவோம்னு. நானே..."

"நீங்க லேட்டாப் பேசினீங்க. சிட்டு பேசிட்டு நிறுத்திட்டா."

அவன் வேறு பக்கம் பார்த்தான்.

ஒரு வயதில் பாலையும் தண்ணீரையும் கேட்டு வாங்கிக் குடித்த குழந்தை. இப்போது மூன்று வயது. வாயில் ஒரு சொல் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. நிலாவைக் காட்டினால் நிலாவையும் பார்ப்பதில்லை, காட்டுகிற விரலையும் பார்ப்பதில்லை. காதுதான் கேட்கவில்லையோ என்றால், அடுத்த அறையில் பிஸ்கட் உறை பிரிந்தால் ஓடி வருவாள். அவள் இதைச் சொன்னபோதெல்லாம் மாமனார் கையை வீசுவார். "நல்லா இருக்கற குழந்தைக்கு நோயை விலைக்கு வாங்காதம்மா." அத்தோடு வீட்டில் பேச்சு முடிந்துவிடும். அவள் துணிக்கடை வேலைக்குப் போனபிறகு பகல் முழுவதும் சிட்டுவோடு இருப்பவர் அவர்தான் என்பதால் அவர் வாக்குக்கு எடை அதிகம். போன தடவை ஆஸ்பத்திரியில் வாங்கிய தேதியை, அவளுக்குத் தெரியாமல் போன் போட்டு ரத்து செய்ததும் அவர்தான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. காலையிலிருந்து பல்லைக் கடித்துக் கடித்துத் தாடைதான் வலித்தது.

உள்ளே சிட்டு வீறிட்டாள். அவள் ஓடினாள். கணவனின் அத்தை குழந்தையின் முகவாயைப் பிடித்துப் பிணத்தின் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். "தாத்தாவைப் பாருடி. கடைசியா ஒரு தடவை பாரு." சிட்டு இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு துள்ளினாள்.

"தோள்ல போட்டு வளர்த்த மனுஷன். ஒரு பார்வை பார்க்குதா? கல் நெஞ்சு. எல்லாம் வளர்ப்பு அப்படி."

அவள் அத்தையின் விரல்களைப் பிரித்தெடுத்தாள். கொஞ்சம் பலமாகவே. "விடுங்க. அவளுக்குச் சத்தம் ஆகாது. இத்தனை பேர் அழறது அவளுக்கு அடி விழற மாதிரி."

"ஆமா, யாருக்கும் தெரியாதது உனக்கு மட்டும் தெரிஞ்சிடுச்சு!"

"அப்பாவுக்கும் தெரியும், அத்தை." அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நாத்தனார் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "காலிங் பெல் கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டிருந்தார்ல? அது கெடல. அவரேதான் ஒயரைப் பிடுங்கி விட்டார். மணி அடிச்சா பாப்பா சுவத்துல தலையை முட்டிக்கறா, யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னார்."

ஊர் வீடுகளுக்கெல்லாம் ஒயர் இழுத்த எலக்ட்ரீஷியனுக்குத் தன் வீட்டு மணியைச் சரிசெய்ய நேரமில்லையா என்று எல்லோரும் கேலி செய்ததுண்டு. அவளும் செய்திருக்கிறாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவள் அந்த முகத்தையே பார்த்தாள்.

"அப்போ தெரிஞ்சிருக்கு," என்றாள். குரல் அவளை மீறி உயர்ந்தது. "தெரிஞ்சேதான் என் வாயை அடைச்சிருக்கார்! தனியா நின்னு கத்தினேனே, இந்த வீட்ல எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு நானே நினைச்சேனே..."

"செத்தவரைப் போய் இப்படிப் பேசறியே, நல்லாவா இருக்கு?" என்றாள் அத்தை.

"உயிரோட இருந்தப்போ பேச விட்டீங்களா?"

சிட்டுவை வெறுங்காலோடு இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். கணவன் வாசற்படியில் நின்றான். தடுக்கவும் இல்லை, கூட வரவும் இல்லை. கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஓர் இளம்பெண். தரையிலேயே உட்கார்ந்து, சிட்டுவுக்காகச் சோப்புநீர்க் குமிழ்கள் ஊதினாள். குமிழ்கள் உடைந்து தீர்ந்ததும் சோப்புநீர்ப் புட்டியின் மூடியைத் திருகி மூடிவிட்டுச் சும்மா இருந்தாள். சிட்டு டாக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்ப் புட்டியின்மேல் வைத்தாள்.

"கேக்கறா பாருங்க," என்றாள் டாக்டர். "வாய்க்குப் பதிலா உங்க கையால."

நிறையக் கேள்விகளுக்குப் பிறகு சொன்னாள்: "ஆட்டிசமா இருக்கலாம். இன்னும் சில தடவை பார்த்துத்தான் உறுதியாச் சொல்ல முடியும். காதையும் ஒரு தடவை சோதிச்சிடலாம். ஆனா அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம், பயிற்சியை இப்பவே ஆரம்பிச்சிடலாம். நீங்க செஞ்ச எதாலயும் இது வந்ததில்ல, சரியா?"

அவள் தலையாட்டினாள்.

"பகல்ல குழந்தையோட யார் இருக்காங்க?"

"மாமனார்."

"அப்போ அடுத்த தடவை அவரையும் கூட்டிட்டு வாங்க. கூடவே இருக்கறவங்க எவ்வளவோ கவனிச்சிருப்பாங்க. அவர்கிட்ட எனக்கு நிறையக் கேக்கணும்."

அவள் வாயைத் திறந்தாள். மறுபடி மூடிக்கொண்டாள்.

சிட்டு அவள் கையை இழுத்துத் திரும்பவும் புட்டியின்மேல் வைத்தாள். மூடி இறுகியிருந்தது. அவள் புட்டியை மடியில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் திருகினாள்.