மிச்சமிருந்த திரி

மெழுகு உருகிக்கொண்டிருந்த டப்பாவை இடுக்கியால் அசைத்துப் பார்த்துவிட்டு லூர்துமேரி அடுப்பைக் குறைத்தாள். தண்ணீர்ச் சட்டிக்குள் நின்ற உயரமான பால்பவுடர் டப்பா அது. மறுநாள் கல்லறைத் திருநாள். கடத்தூரில் எந்தக் கடையிலும் மெழுகுவத்தி கிடைக்கும். ஆனாலும் கணவர் சவுரியப்பன் இறந்ததிலிருந்து, அவருக்கு ஏற்றுவதை அவள் வீட்டிலேயேதான் செய்தாள்.

மருமகள் மணிமேகலை மூங்கில் குச்சியில் திரிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். தமிழ்ச்செல்வனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்து இரண்டு வருடமாகிறது. மாமியாரோடு அவளுக்குச் சண்டை ஒன்றுமில்லை, பேச்சும் அதிகமில்லை. சாப்பிட்டியா, பால் வந்திருச்சா என்பதோடு நின்றுவிடும். ஆடி மாதம் பாப்பிரெட்டிப்பட்டியில் அவளுடைய அம்மா இறந்தபோது தமிழ்ச்செல்வன் வண்டியில் கூட்டிப்போனான். அந்தக் கல்யாணத்தை ஏற்காத அவளுடைய பெரியப்பா தெருமுனையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். வந்தவள் குளித்துவிட்டு உலை வைத்தாள். லூர்துமேரி அரிசியைக் களைந்து கொடுத்ததோடு சரி.

மணிமேகலை குச்சியைத் தாழ்த்தித் திரிகளை மெழுகில் முக்கி முக்கி எடுத்தாள். ஒரு முறை முக்கும்போது யோசனை எங்கோ போய்விட்டது. உடனே தூக்காததால், அதுவரை பிடித்திருந்த மெழுகும் கரைந்து வெறும் நூல்தான் மேலே வந்தது.

"தெரியாம வுட்டுட்டங்க அத்தை."

"மெழுகு எங்க போவப்போவுது? டப்பாவுலதான் இருக்குது. மறுபடி முக்கு."

முக்கித் தூக்கி, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே குச்சியை வைத்து ஆறவிட்டு, மறுபடி முக்கினார்கள். நூல் மெல்ல விரல் தடிமனுக்கு வந்தது. லூர்துமேரி ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"இது ஒம் மாமனாருக்கு. இது அவுங்கப்பாவுக்கு. இது, பொறந்தன்னிக்கே போன என் மொதப் புள்ளைக்கு."

ஓரத்தில் இன்னும் ஒன்று தொங்கியது.

"அது யாருக்குங்க?"

லூர்துமேரி டப்பாவின் விளிம்பில் உறைந்திருந்த மெழுகை நகத்தால் சுரண்டினாள்.

"உங்கம்மா பேரு என்ன மணி? இத்தன நாளா நான் கேட்டதே இல்ல."

மணிமேகலை நிமிர்ந்து பார்த்தாள். "மாதம்மாங்க."

"அவங்களுக்குத்தான்."

"அங்க என்னைய வுட மாட்டாங்களே அத்தை."

"அங்க போவ வேணாம். வேற ஊர்ல பொதைச்சவங்களுக்கு, நம்ம கல்லறைத் தோட்டத்துப் பெரிய சிலுவையடியில வெப்போம். நீயும் வையி."

மணிமேகலை அந்தத் திரியை மட்டும் அவிழ்த்துக் கையில் எடுத்தாள். முக்கினாள், தூக்கினாள், முக்கினாள். கன்னத்தில் வழிந்ததை முழங்கையால் துடைத்தாளே தவிர, கையை நிறுத்தவில்லை. லூர்துமேரி அடுப்பைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் தூறல் விட்டிருந்தது. கல்லறைகளில் ஏற்றி முடித்து, மூவரும் பெரிய சிலுவையருகே வந்தார்கள். மணிமேகலை மெழுகைச் சொட்டி மாதம்மாவின் மெழுகுவத்தியை மேடையில் நிறுத்தினாள். சற்று நேரம் நின்றபின் தமிழ்ச்செல்வன் வண்டிச் சாவியை எடுத்தான்.

"கெளம்பலாமாம்மா?"

"நீ போயி வண்டிகிட்ட நில்லு. நாங்க வர்றோம்."

லூர்துமேரி ஈரத்தரையில் பிளாஸ்டிக் பையை விரித்து உட்கார்ந்து, பாதியை மருமகளுக்கு விட்டாள்.

"உங்கம்மா என்ன செஞ்சா ருசியா இருக்கும்?"

"அவரக்கொட்டக் கொழம்புங்க," என்றாள் மணிமேகலை, உட்கார்ந்தபடி. "அதுக்குக் களியும் அவங்கதான் கிண்டணும். எங்களத் தொடவே வுட மாட்டாங்க..."

அவள் சொல்லச் சொல்ல, மெழுகு வழிந்து மேடையில் இறங்கி, பக்கத்தில் யாரோ ஏற்றிவைத்திருந்த மெழுகுவத்தியின் அடியைத் தொட்டு அங்கேயே உறைந்தது.