கேட்டால்தான் தண்ணீர்

டம்ளர் என் தலைக்கு மேலே இருக்கிறது, எவர்சில்வர் டம்ளர், பானைத் தண்ணீரின் குளிர்ச்சியில் அதன் வெளிப்புறம் வியர்த்து ஒரு சொட்டு என் முழங்கை வரை இறங்கி, மேற்கொண்டு போவதா வேண்டாமா என்று அங்கேயே நின்று யோசிக்கிறது, கீழே சாரு, என் மகள், ஐந்தரை வயது, ஒரு பின்னல் போட்டு மறுபின்னல் போடுவதற்குள் ஓடி வந்தவள், என் கைலி நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், சிலை மாதிரி நிற்கிறேன் நான், தலையில் காக்கை எச்சம் ஒன்றுதான் பாக்கி, தண்ணின்னு சொல்லும்மா, த, த மட்டும் சொன்னாக்கூடப் போதும், அப்பா குடுத்துர்றேன், என்று ஒரு சிலை கெஞ்சுவதை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க முடியாது, அவள் கைலியை இன்னொரு முறை இழுக்கிறாள், அவள் அகராதியில் தண்ணீருக்கு அதுதான் சொல், சோற்றுக்கு இரண்டு இழுப்பு, பயத்துக்கு இழுத்துவிட்டு முகத்தை அதிலேயே புதைத்துக்கொள்வது, எனக்கு எல்லாம் தெரியும், எனக்கு எல்லாம் தெரிவதுதான் பிரச்சினையே.

கேக்காம எதையும் எடுத்துக் குடுக்காதீங்க சார், என்று சொன்னவர் பெனிட்டா மேடம், புத்தூரில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியறையில் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர், நான் பட்டினி போடச் சொல்லல, கொஞ்சம் காத்திருக்கச் சொல்றேன், தேவை முட்டுச்சுன்னாத்தான் வார்த்தை வெளிய வரும், நீங்க அதுக்குள்ள ஓடிப் போயி நின்னுடறீங்க, என்றார், அன்றிலிருந்து கோமதி நூறு வரை எண்ணுவாள், என் மனைவி அவள், பல்லைக் கடித்துக்கொண்டு நூறு, நான் மூன்றில் உடைந்துவிடுவேன், அவள் துணி காயப்போட மாடிக்குப் போன நேரத்தில் கதவுக்குப் பின்னால் ஒளிந்து தண்ணீர் ஊட்டிய தகப்பன் திருச்சியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன், திருட்டுத் தண்ணீர், அதைக் குடித்துவிட்டு சாரு வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள், ஒரு நாள் கோமதி காய்ந்த துணியோடு வந்து அப்படியே பார்த்துவிட்டாள், கண்ணக் காட்டுனா கொண்டாந்து நீட்டுறதுக்குப் பேரு அப்பா இல்லீங்க, சர்வரு, என்றாள், நான் பதிலுக்கு, அம்மாவுக்குச் சூடா என்ன கொண்டாரட்டும், என்று சர்வர் குரலில் ஒரு சிரிப்பைப் போட்டேன், அவள் சிரிக்கவில்லை, துணியை என் தலையில் போட்டுவிட்டுப் போனாள், அந்தத் துணிக்குள் எனக்கு வசதியாக இருந்தது.

பேசித்தான் நான் சோறு தின்கிறேன், அதையும் சொல்லிவிட வேண்டும், சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு ஜவுளிக் கடை வாசலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, வாங்கம்மா வாங்க, வாங்குறீங்களோ இல்லையோ உள்ள வந்து தொட்டுப் பாருங்க, என்று காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை, செவ்வாய் ஒன்றுதான் விடுமுறை, பேருந்து ஜன்னலில் தூங்குகிறவனைக்கூட எழுப்பித் திரும்பிப் பார்க்க வைக்கிற வாய் இது, இதைக் கேட்டுத் திரும்பாத ஒரே ஆள் என் வீட்டில் பிறந்தது என்று முதலில் பயந்தோம், இரண்டு வயதில் காதுப் பரிசோதனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம், காது பழுதில்லை, நன்றாகவே கேட்கிறது என்றார் டாக்டர், சந்தோஷத்தில் அவருக்கே ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன், கேட்கிறது என்றால் பேசிவிடும், அவ்வளவுதானே, எதிர்வீட்டு அக்கா வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவச் சொன்னார், தடவினோம், சாரு முகத்தைச் சுளித்து என் சட்டையில் துப்பினாள், மிச்சத்தை நானே நாக்கில் தடவிப் பார்த்தேன், மறுநாள் கடையில் எனக்குப் பேச்சு இன்னும் கூடிப்போனது, மருந்து வேலை செய்கிறது, ஆளைத்தான் மாற்றிவிட்டது. கனவில் மட்டும் அவள் பேசுவாள், அதுவும் என் மைக்கை வாங்கிக்கொண்டு, அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, என்று ஆரம்பித்து, ஆடித் தள்ளுபடி, எடுத்த துணி பிடிக்காவிட்டால் ஏழு நாளில் மாற்றிக்கொள்ளலாம், என்று நிறுத்தாமல் போவாள், சாலையில் பேருந்துகள் எல்லாம் நின்று கேட்கும், நான் ஒரு ஓரமாகக் கைலியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், யாருடைய கைலி என்று தெரியாது, விழித்த பிறகும் சிறிது நேரம் அது நடந்ததாகவே நெஞ்சு நம்பும், நெஞ்சுக்கு விவரம் போதாது.

பிறகு கபிலன் பிறந்தான், அவனுக்கு மொட்டையடித்துக் காது குத்திய அன்று பந்தியில் கோமதியின் அண்ணன் செல்வராசு, மாப்ள வீட்டுக்கு வந்த பேச்சையெல்லாம் மாப்ளயே கடை வாசல்ல வித்துட்டாரு, பிள்ளைக்கு ஸ்டாக் இல்ல, என்றான், பந்தியே சிரித்தது, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான், கோமதி சாம்பார் வாளியை நங்கென்று வைத்துவிட்டு, அண்ணே, உனக்குத்தான் ரெண்டு பங்கு ஸ்டாக் வந்துருக்கு, கொஞ்சம் மூடிக்க, என்றாள், சிரிப்பு நின்றது, என் சிரிப்பு மட்டும் பிரேக் பிடிக்காத சைக்கிள் மாதிரி இன்னும் கொஞ்ச தூரம் தனியாகப் போய்த்தான் நின்றது. அந்தக் கபிலன் ஒன்றேகால் வயதில் பேச ஆரம்பித்தான், பேச்சென்றால் பேச்சு, என் ரத்தம், இரண்டு வயது தாண்டியதும் அக்காவுக்கும் சேர்த்துப் பேசினான், அக்காக்குத் தண்ணி வேணுமாம், அக்காக்குச் சட்னி காரமாம், அக்காக்கு இந்தச் செருப்பு கடிக்குதாம், அவள் வாயே திறக்கவில்லை, இவனுக்கு எப்படித் தெரியும், ஆனால் செருப்பைக் கழற்றிப் பார்த்தால் கொப்புளம் இருக்கும், ஒரு நாள் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது, அக்கா அழுவுறா, என்றான், இல்லையே, சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கா, என்றேன், உள்ள அழுவுறாப்பா, என்றான், பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தேன், இருந்தாலும் ஒரு நிம்மதி, நான் செத்தாலும் இவளுக்கு ஒரு வாய் இருக்கிறது என்று, அந்த நிம்மதியைப் பெருமையாகப் போய் பெனிட்டா மேடத்திடம் சொன்னேன், என்னைச் சொல்ல வேண்டும்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார், அதுதான் சார் இப்ப தடையா இருக்கு, அவளுக்கு ரெடிமேடா ஒரு வாய் கிடைச்சிருச்சு, இனிமே அவ எதுக்குச் சிரமப்படணும், ஒரு மூணு வாரம் தம்பி அவளுக்காகப் பேசாம பாத்துக்குங்க, என்றார், மேடம், அவனுக்கு ரெண்டரை வயசு, என்றாள் கோமதி, விளையாட்டு மாதிரி சொல்லிக் குடுங்கம்மா, அப்பாவுக்குத்தான் அதெல்லாம் நல்லா வருமே, என்றார், ஆமாம், எனக்கு அதெல்லாம் நன்றாக வரும். அன்று மாலையே கபிலனை மடியில் உட்கார வைத்து, அக்காவுக்கு ஏதாச்சும் வேணும்னா நீ சொல்லக் கூடாது, வாயைப் பூட்டிரணும், எங்க பூட்டு, கிளிக், சாவிய அப்பாகிட்டக் குடு, என்றேன், அவன் உதட்டை மூடி, விரலால் திருகி, இல்லாத சாவியை என் உள்ளங்கையில் வைத்தான், நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், என்ன அழகான விளையாட்டு, மறுநாள் அதே சட்டையோடு கடைக்குப் போய்விட்டேன், மதியம் கோமதி போன் செய்தாள், ஏங்க, இவன் காலையிலேருந்து வாயே தொறக்கல, பசிச்சாலும் கையத்தான் காட்டுறான், என்ன பண்ணுனீங்க பிள்ளைய, என்று, அரை நாள் லீவு சொல்லி ஓடி வந்து சாவியைப் போட்டுத் திறந்தேன், அப்பா, என்றான், பிஸ்கட்டு, என்றான், கட்டிக்கொண்டேன், ஆனால் சாரு அறைக்குள் வந்ததும் தானாகவே கிளிக் என்று மூடிக்கொண்டான், அவள்தான் எப்போதும் அறைக்குள் இருக்கிறாளே, ஒரு வாரம், பத்து நாள், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தலையாட்டிக்கொள்கிறார்கள், எனக்குத் தெரியாத ஏதோ ஒன்றுக்கு, மேடத்துக்குப் போன் போட்டோம், உடனே நிறுத்துங்க சார், அவன் பேசட்டும், என்றார், நிறுத்திவிட்டோம், அவனிடம் அதைச் சொல்லவும் செய்தோம், பூட்டு உடஞ்சு போச்சுடா, இனிமே பேசலாம், என்று குதித்துக் காட்டினேன், அவன் என்னைப் பாவமாகப் பார்த்தான், எனக்கு ஒன்று இருந்த இடத்தில் இரண்டாகிவிட்டது.

அப்படித்தான் இந்தச் செவ்வாய்க்கிழமை மதியம், டம்ளர் மேலே, சாரு கீழே, அவள் பக்கத்தில் கபிலன், அவனுக்குத் தெரியும் அவளுக்குத் தண்ணீர் வேண்டுமென்று, சொல்ல வாய் வருகிறது, கையால் பொத்திக்கொள்கிறான், அடுக்களையில் கோமதி புளி கரைக்கிறாள், இன்று உடைய மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்திருக்கிறேன், எண்ணிக்கொண்டே போகிறேன், முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, என் வாழ்நாள் சாதனை, மின்விசிறி சத்தம் தவிர வீட்டில் ஒன்றுமில்லை, மௌனம் எனக்கு ஆகாது, கடையில் மின்சாரம் போய் மைக் செத்தாலும் வெறும் வாயால் கத்துகிறவன், தீபாவளிக்கு, அம்மா எனக்குப் பட்டுப்பாவாடை வேணும்மா, என்று மூக்கைச் சுருக்கிச் சின்னப் பெண் குரலில் நான்தான் கூவுவேன், கூட்டத்தில் தாய்மார்கள் திரும்பி எந்தப் பிள்ளை என்று தேடுவார்கள், அந்தக் குரல் எப்போது தொண்டைக்கு வந்ததென்று தெரியவில்லை, பிள்ளைகள் சிரிக்கட்டும் என்றுதான், சத்தியமாக அதற்குத்தான், தண்ணீ, என்றேன், மெல்லிசாக, ஐந்தரை வயதாக.

உள்ளே பாத்திரம் விழுந்தது, கோமதி ஓடி வந்தாள், கையெல்லாம் புளி, சாருவாங்க, சாருவா சொன்னா, என்றாள், அவள் முகத்தை நான் என்னவென்று சொல்வேன், பெண் பார்க்கப் போன அன்றுகூட அந்த முகத்தை எனக்குக் காட்டியதில்லை, நான்தான் என்று சொல்ல வேண்டும், ஒரே ஒரு சொல், ஒரு நாளைக்குப் பதினோரு மணி நேரம் கத்துகிறவன், எனக்கு வரவில்லை, ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் தரையில் விழுந்து சாருவை அள்ளிக்கொண்டாள், புளிக்கையால் கன்னமெல்லாம் தடவினாள், கபிலன் வாயைத் திறக்காமல் என்னைச் சுட்டிக் காட்டினான், இரண்டு முறை, அழுத்தமாக, ஆமாண்டா கண்ணா, அப்பாதான் சொல்ல வச்சாரு, என்று அவனையும் இழுத்து முத்தமிட்டாள், என் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கிச் சாருவுக்குக் கொடுத்தாள், சாரு ஒரே மூச்சில் குடித்தாள், மோவாயில் தண்ணீர் வழிய நிமிர்ந்தாள், இன்னொரு வாட்டி சொல்லுடி என் தங்கம், அம்மாவுக்காக ஒரே ஒரு வாட்டி, என்கிறாள் கோமதி, சொல்லிவிட்டு அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், சாரு அவள் பக்கம் திரும்பவில்லை, சற்றுமுன் தன் குரல் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தை, என் தொண்டையை, பார்த்துக்கொண்டு காத்திருக்கிறாள்.