கெல்லாக் மன்னனின் குதிகால்

இனி யான் உரைப்பனவற்றுள் ஓரெழுத்தும் பொய்யன்று எனத் தூயவர் ஃபில்லனின் வெண்கல மணிமேல் வலக்கை வைத்து ஆணையிடுகிறேன். பொய்யாணை இட்ட கையை அம்மணி வளைத்துவிடும் என்பதை எங்கள் ஸ்காட்லாந்து நாட்டார் அறிவர். என் கை இன்னும் நேராகவே இருக்கிறது.

கூதிர்காலத்துக் காலைப்பொழுது. எர்ன் ஆற்றின்மேல் ஈரக் கம்பளிபோற் படிந்த மூடுபனி விலக மனமின்றி விலக, அறுவடை முடிந்த வயல்களிற் காக்கைகள் குளிரால் ஒடுங்கி நிற்க, சாம்பல்நிற வானின்கீழ் உறுதிமொழிக் குன்று துயில் கலையாத முதியவன்போற் குனிந்திருந்தது. பிறன் நிலத்தில் நின்று ஏற்கும் உறுதிமொழியும் பெறும் பட்டமும் அந்நிலத்துக்கு உரியவனையே சேரும் என்பது எங்கள் பழைய முறை. ஆதலின் சிற்றரசர் நாற்பதின்மரும் ஆண்டுதோறும் முழங்காலளவு உயர்ந்த தோற்காலணிகளுள் தத்தம் நாட்டு மண்ணை நிரப்பி, அதனை மிதித்தவாறே குன்றேறி, மன்னனுக்குப் பணிவுரைத்து, மண்ணை அங்கேயே கொட்டித் திரும்புவர். மன்னன் மட்டும் முடிசூடிய நாளில் மிதித்த மண்ணைக் கொட்டலாகாது. அவை கூடுந்தோறும் அதன்மீதே நிற்றல் வேண்டும்.

கெல்லாக் முடிசூடியபோது ஆட்டுக்குட்டி தாண்டும் உயரமே இருந்த அக்குன்று, நாற்பதாண்டு உறுதிமொழிகளால் முகிலளவு வளர்ந்துவிட்டது. உச்சியை அடைய மன்னன் முதல்நாளே புறப்படுவான். இடைவழியில் அவன் கூழ் குடித்து இளைப்பாற இரண்டு கொட்டில்கள் இருந்தன. பகைவர் எவரேனும் வென்றிருந்தால் அவன் ஓய்ந்திருப்பான். ஒருவரும் எதிர்க்கவில்லை. முடியைக் கேட்பாருமில்லை, இறக்கிவைக்க வழியுமில்லை.

அவ்வாண்டு உச்சியேறிப் பட்டக்கல்லில் அமர்ந்த கெல்லாக், குதிகால் நோவு பொறாமல், எம்மன்னனும் செய்யாததைச் செய்தான்: காலணியைக் கழற்றிக் கவிழ்த்தான். அவன் பிறந்த அத்தோல் என்னும் மலைநாட்டின் மண் கரிய, மெத்தென்ற சதுப்பு மண். கொட்டியதோ உடைந்த கிளிஞ்சல் கலந்த கடல்மணல். அவையிற் கடற்கரை உடையவன் ஒருவனே: புக்கன் நாட்டு நெக்டன், மன்னனோடு ஒரே வளர்ப்புத்தாயிடம் பாலுண்டவன். முடிசூட்டு விழாவன்று மழையில் நனைந்த இருவர் காலணிகளும் ஒரே அடுப்பருகே காய்ந்ததை மன்னன் அப்போது நினைவுகூர்ந்தான்.

“நாப்பது வருசமா குத்துதுடா நெக்டா. ராசான்னா இப்படித்தான் குத்தும் போலன்னு பொறுத்துக்கிட்டேன்.”

நெக்டன் மூடுபனியை ஆராய்ந்தான்.

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“அன்னிக்கே தெரியும் ராசா. ஒங்க மண்ணு மெத்துமெத்துன்னு இருந்துச்சு.”

“அப்புறம் ஏன்டா வாயத் தொறக்கல?”

“தொறந்திருந்தா நான்ல அந்தக் கல்லுல ஒக்காந்திருக்கணும்.”

மற்றைய முப்பத்தொன்பதின்மரும் கூடிப் பேசி, நெக்டனின் மண்மீது நின்று பெற்ற முடி நெக்டனுக்கே உரியது என்று முடிவுரைத்தனர். அவன் தன் மூட்டுவலியையும், மனைவியின் சினத்தையும், ஈனவிருக்கும் ஏழு பசுக்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கூறினான்; அவையோர் இரங்கவில்லை. கெல்லாக் மண்டியிட்டு, சிந்திய மணலை ஒரு கிளிஞ்சலும் குறையாமல் அள்ளி நிரப்பி, அக்காலணியை நெக்டனின் காலில் தானே மாட்டினான். எந்தப் பணியாளும் எந்த அரசனுக்கும் அத்துணை அன்போடு காலணி அணிவித்ததில்லை. பின்னர் வெறுங்காலோடு இறங்கி, அத்தோல் நாட்டை அடைந்து, பனிக்காலம் முழுதும் உறங்கினான்.

ஆனால் நிலமுடைய எவனும் கூதிரில் குன்றேறியாக வேண்டும் அன்றோ? மறு ஆண்டு, மழையில் ஊறிய சதுப்பு மண்ணைக் கால்களிற் சுமந்து, இரு கொட்டில்களிலும் இளைப்பாறி, கெல்லாக் உச்சியை அடைந்தபோது, புதிய மன்னன் கல்லின்மேல் ஒரு காலைத் தூக்கியவாறு அமர்ந்திருந்தான்.

“இப்ப எப்படிடா இருக்கு?” என்றான் நெக்டன்.

“மெத்துன்னுதான் இருக்கு ராசா. கனக்குது, அவ்வளவுதான். ஒங்களுக்கு?”

“குத்துது.”

கெல்லாக் பணிவுரைத்துத் தன் மண்ணைக் கொட்டினான். குன்று மேலும் இரு பிடி உயர்ந்தது. இறங்கும் வழியின் நெடுமையை இருவரும் நோக்கியிருக்க, மூடுபனி மீண்டும் வந்து இருவரையும் ஒன்றாகவே மூடிற்று.

எங்கள் நாட்டுக்கு முதன்முதலாகத் தோற்காலணி தைப்பவன் வந்தது, கெல்லாக் இறந்து எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னர்; அதுவரை மன்னரும் மக்களும் வெறுங்காலோடுதான் நடந்தனர். மணிமேல் வைத்த என் கை இப்போது சற்றே வளைந்திருப்பது குளிரால்தான்.